புயலில் மலைக்குடில்: முதல்முறை பனிமலைக்குப் போகிறவர்களுக்கு

காசிமேட்டுக்காரர்களுக்குப் புயல் கூண்டைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். துறைமுகத்தில் எண் ஏறியது என்று காதில் விழுந்ததுமே படகுகளைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வலை கரைக்கு வந்துவிடும். டீசல் நிரப்பி வைத்தவரும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வானம் அப்போது வெளுத்து அமைதியாகக்கூட இருக்கும். ஆனாலும் போக மாட்டார்கள். என் அப்பா முப்பது வருஷம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். "கூண்டு ஏறினப்புறம் வானத்தப் பாக்காத, கூண்டப் பாரு" என்பார்.

பனிமலைக்குப் போகிறோம் என்று தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து வந்து கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மலைக்கும் கடலுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. 2014 அக்டோபரில் நம் வங்கக் கடலில் வலுத்த ஹுத்ஹுத் புயல் 12-ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. சென்னைக்கு வரவில்லை என்று நாம் டிவியை அணைத்துவிட்டோம். அந்தப் புயலின் மிச்சம் வடக்கே ஏறி, இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். பனிப்புயலிலும் பனிச்சரிவிலுமாக 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கணவாயின் உச்சியில் இருந்த சின்ன தேநீர்க் குடிலில் பலர் நெருக்கியடித்து ஒதுங்கினார்கள். அங்கே பொறுத்திருக்க முடியாமல் வெளியே இறங்கிய சிலர் அந்த வெண்மைக்குள் வழி தவறிப் போனார்கள்.

நான்கு சுவரும் ஒரு கூரையும் மலையில் எப்படி உயிரைக் காப்பாற்றும், எப்போது காப்பாற்றாது என்பதைப் புதிதாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் மேற்கு வங்கத்தின் சந்தக்பூ மலையிலும் சிக்கிமிலும் தங்கியிருக்கிறேன். வேலை விஷயமாக ஆறு மாதம் சூரிச்சில் இருந்தபோது ஆல்ப்ஸ் குடில்களிலும் சில இரவுகள் கழித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில், எந்த மாதிரிக் குடில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் குடிலும் ஒன்றல்ல. ஆல்ப்ஸில் மலையேறுவோர் சங்கங்கள் 160 வருஷமாகக் குடில் கட்டி வருகின்றன. சுவிட்சர்லாந்துச் சங்கம் 1863-இல் தொடங்கியது, அதே வருஷம் முதல் குடிலையும் கட்டிவிட்டது. இன்று அந்தச் சங்கத்திடம் மட்டும் 150-க்கும் மேல் இருக்கின்றன. சீசனில் இவற்றில் ஒரு பொறுப்பாளர் இருப்பார். சாப்பாடு, போர்வை, படுக்கை எல்லாம் கிடைக்கும். சீசன் முடிந்து அவர் இறங்கிப் போனதும், பல குடில்களில் 'குளிர்கால அறை' என்று ஒன்றை மட்டும் திறந்து வைப்பார்கள். அங்கே விறகு, அடுப்பு, போர்வை இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சில இடங்களில் அதற்கும் கீழே ஊரில் சாவி வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

மூன்றாவது வகை அவசரத்துக்கு மட்டும். மேட்டர்ஹார்ன் முகட்டில் 4,003 மீட்டரில் சோல்வே குடில் இருக்கிறது, பத்துப் பேர் படுக்கலாம். மோன் பிளாங் மலையில் 4,362 மீட்டரில் வாலோ குடில் இருக்கிறது. அடுப்பு, சாப்பாடு எதையும் இவற்றில் எதிர்பார்க்காதீர்கள். முதல் நாள் ராத்திரி அங்கே தங்கலாம் என்று திட்டம் போட்டே போகக் கூடாது. உயிருக்குப் போராடி வருகிறவருக்கு வைத்திருக்கும் இடத்தை நாம் அடைத்துக்கொண்டால் அது பெரிய தப்பு.

நம் இமயமலையில் நிலைமை வேறு. சந்தக்பூவில் 3,636 மீட்டரில் ட்ரெக்கர்ஸ் ஹட் உண்டு. சிக்கிமில் ஜோங்ரியில் உண்டு. உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் பிண்டாரி பனியாற்றுக்குப் போகும் வழியிலும் அரசு விடுதிகள் உண்டு. ஆனால் பெரும்பாலான உயர்ந்த பாதைகளில் டென்ட்தான், ஒதுங்க ஒரு சுவர்கூட இருக்காது. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழு பனிப்புயலில் மாட்டி 9 பேர் இறந்தார்கள். ஜூன் மாதம் என்பதைக் கவனியுங்கள். நமக்குக் கத்திரி வெயில் முடிந்திருக்கும் நேரம் அது. அதனால் முதல்முறை போகிறவர்கள், ஒவ்வொரு இரவும் ஒரு கூரைக்குக் கீழே முடியும் பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். டென்ட் பாதை அடுத்த வருஷம் எங்கும் ஓடிப்போய்விடாது.

வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

குடில் திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். பழைய வரைபடத்தில் இருப்பது இன்று இருக்க வேண்டும் என்பதில்லை. மலைக்குள் உறைந்திருந்த நிலம் இளகுவதாலும், பனியாறுகள் சுருங்குவதாலும் சில குடில்களின் அடித்தளமே அசைகிறது. பிரான்சில் எக்ரன் மலைத்தொடரின் பிலாட் குடிலை 2021-இல் இதனால்தான் மூடினார்கள். இடம் பதிவு செய்யுங்கள். போக முடியாவிட்டால் மறக்காமல் ரத்து செய்யுங்கள். நீங்கள் வரவில்லை என்று பொறுப்பாளர் ராத்திரி முழுக்கக் கவலைப்படுவார், தேடுவதற்கு ஆள்கூட அனுப்புவார். வராத ஒருவனைத் தேடிப் புயலுக்குள் போகிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

சாமான்களில் எல்லாவற்றையும் இங்கே அடுக்கப் போவதில்லை. குடிலுக்கென்று தேவையானவை கொஞ்சம்தான்: போர்வைக்குள் போட்டுக்கொள்ளும் மெல்லிய பை (ஆல்ப்ஸில் இது கட்டாயம்), தலையில் மாட்டும் டார்ச்சும் மாற்று பேட்டரியும், ரொக்கப் பணம், விசில், ஒரு நாளுக்கு அதிகப்படியான சாப்பாடு. கடைசியாகச் சொன்னதை யாரும் எடுத்துப் போவதில்லை. புயலில் குடிலில் மாட்டினால் ஒரு நாள் என்பது இரண்டு நாளாகும். கடலை மிட்டாய், பேரீச்சை, பொட்டுக்கடலை மாவும் வெல்லமும் கலந்த உருண்டை போதும். குளிரில் சாக்லேட் கல் மாதிரி ஆகிவிடும். அந்த உருண்டையை வாயில் போட்டால் கரையும்.

கையுறைக்கு மட்டும் ஒரு பரீட்சை சொல்கிறேன், இது நம் ஊரில்தான் முடியும். விடியற்காலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். ஐஸ் பார் உடைத்துப் பெட்டியில் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். தெரிந்த அண்ணன் யாரிடமாவது கேட்டு, கையுறையோடு கையை அந்த நொறுங்கிய ஐஸுக்குள் ஐந்து நிமிஷம் புதைத்து வையுங்கள். வெளியே எடுத்து, கையுறையைக் கழற்றாமல் பையின் ஜிப்பைத் திறந்து, டார்ச்சை எடுத்து, ஒரு முடிச்சுப் போடுங்கள். போட முடியவில்லை என்றால் அந்தக் கையுறை வேண்டாம். போன வருஷம் ஒரு தங்கை நல்ல விலை கொடுத்து வாங்கிய கையுறையோடு வந்தாள். இரண்டாவது நிமிஷமே தையல் வழியாக ஐஸ் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. மலையில் தெரியாமல் இங்கேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

குளிர் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும். அதோடு காற்று சேரும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 23 மாதிரி. 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போன காற்றில் நாம் நின்றிருக்கிறோம். மொட்டை மாடித் தகரம் பறந்ததைப் பார்த்திருக்கிறோம். அந்தக் காற்றை உறைநிலைக்குக் கீழே நினைத்துப் பாருங்கள்.

குடிலுக்கு எப்போது போய்ச் சேர வேண்டும்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

2018 ஏப்ரல் 29. சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கில் போன சிலர் 'டிஸ்' என்ற குடிலிலிருந்து கிளம்பி, 3,000 மீட்டருக்கு மேல் இருக்கும் வின்யெட் குடிலை நோக்கிப் போனார்கள். வழியில் புயல் பிடித்துக்கொண்டது. முன்னே இருப்பவரின் முதுகு தெரியவில்லை. 14 பேர் ராத்திரி முழுக்க வெட்டவெளியில் கிடந்தார்கள், அதில் 7 பேர் இறந்துபோனார்கள். குடில் அவர்களிடமிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. நம் தெருமுனை டீக்கடைக்குப் போய் வரும் தூரம். உள்ளே படுக்கை இருந்தது, சூடான சூப் இருந்தது.

இதை நான் நினைக்காத பயணமே இல்லை. பக்கத்தில் இருக்கும் குடில் நமக்கு உதவாது, உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தால்தான் உதவும். அதனால் கோடையில் மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்குள் குடில் சேர்வது மாதிரி விடியலுக்கு முன்பே கிளம்புங்கள். மலையில் இடிமேகம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும். கிளம்பும் முன்பே "இத்தனை மணிக்கு இந்த இடம் வரவில்லை என்றால் திரும்பிவிடுவோம்" என்று குழுவில் எல்லாரும் கேட்கச் சொல்லி வையுங்கள். மேலே போனபிறகு யாருக்கும் திரும்ப மனசு வராது. ரயில் டிக்கெட், லீவு, கைடுக்குக் கொடுத்த பணம் எல்லாம் சேர்ந்து காலை முன்னே தள்ளும். சென்ட்ரலில் ரயில் ஏறுவதற்கு முன்பே முடிவு எடுத்துவிட்டால் அந்தத் தள்ளலுக்கு வேலை இல்லை.

குடில் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் கருவியிலும் போனிலும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும், அதனால் போனை உடம்போடு ஒட்டி உள்சட்டைப் பையில் வையுங்கள். காகித வரைபடமும் வேண்டும்.

உள்ளே நுழைந்ததும்

ஷூவை வாசலில் உள்ள அறையிலேயே கழற்றுங்கள், அங்கே ரப்பர் செருப்பு வைத்திருப்பார்கள். ஷூவில் ஒரு கலர் நூலைக் கட்டிவிடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், இருட்டில் வேறு யாராவது மாட்டிக்கொண்டு போய்விட்டால் உங்கள் பயணம் அங்கேயே முடிந்தது.

அப்புறம் பதிவேடு. பெயர், எங்கிருந்து வந்தீர்கள், நாளை எந்த வழியாக எங்கே போகிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். ஆளில்லாத குடிலிலும் ஒரு நோட்டு இருக்கும், அதிலும் எழுதுங்கள். காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான். எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகும்போது எந்தப் பக்கம் வலை போடுகிறோம் என்று கரையில் சொல்லிவிட்டுப் போவார்கள். இதுவும் அதுதான்.

பொறுப்பாளரிடம் நாளைய வானிலையைக் கேளுங்கள். அந்த மலையோடு வருஷக்கணக்கில் இருக்கிறவர் அவர். நம் போனில் உள்ள ஆப் காட்டும் சூரியன் படத்தைவிட அவர் உதட்டைப் பிதுக்குவதற்கு மதிப்பு அதிகம்.

புயல் இரவு

குடில் அதிரும். கூரைத் தகடு கத்தும், ஜன்னல் பலகை படபடக்கும், நடுராத்திரியில் சுவரே மூச்சு விடுவது மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், அதற்காகவே கட்டியது. இத்தாலி எல்லையில் 4,554 மீட்டர் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மார்கெரிட்டா குடில் 1893-இல் திறந்தது. இப்போதிருக்கும் கட்டடத்துக்கு வெளியே முழுக்கச் செம்புத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். மின்னல் இறங்கினால் மின்சாரம் தகட்டின் வழியே வெளிப்புறமாக ஓடிப்போகும், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. எல்லாக் குடிலுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் இடி பக்கத்தில் விழும்போது தண்ணீர்க் குழாய், அடுப்பின் புகைக்குழாய், பிளக் பாயின்ட் பக்கம் போகாதீர்கள். மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

வெளியே இருப்பதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உள்ளே உண்டு, அது அடுப்பிலிருந்து வரும் விஷவாயு. இமயமலையில் ஒரு குடிலில் எனக்கு நடந்தது. ராத்திரி குளிர் தாங்காமல் சமையல்காரர் ஒரு இரும்புச் சட்டியில் கரியைக் கொளுத்தி அறைக்குள் வைத்தார், அன்போடுதான் வைத்தார். ஜன்னல் இடுக்கையெல்லாம் நாங்களே துணி வைத்து அடைத்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் எனக்குத் தலைவலி. உயரத்தினால் வரும் தலைவலி என்று நினைத்து மாத்திரையைத் தேடினேன். பக்கத்தில் படுத்திருந்தவர் குமட்டுகிறது என்றார். மூன்றாமவரும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாமான் தூக்கும் பெரியவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் கதவை அகலத் திறந்து, சட்டியைத் தூக்கிப் பனியில் கவிழ்த்தார். குளிர் அறைக்குள் பாய்ந்தது. அரை மணியில் மூன்று பேருக்கும் தலை தெளிந்தது.

மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் அந்த விஷவாயுதான் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று மலை உயரத்தால் வரும் உடல்நலக் கேடு மாதிரியே காட்டும். ஒருவருக்கு மட்டும் தலைவலி என்றால் உயரமாக இருக்கலாம். ஒரே அறையில் இருக்கும் பல பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் முதலில் கதவைத் திற, மற்றதெல்லாம் அப்புறம். கரிச்சட்டியோ கேஸ் ஸ்டவ்வோ மூடிய அறையில் எரியவே கூடாது. புகைக்குழாய் உள்ள அடுப்பாக இருந்தாலும், வெளியே குவியும் பனி குழாயையும் காற்றுத் துளையையும் அடைத்துவிடும். ராத்திரி ஓரிரு தடவை எழுந்து பாருங்கள். ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். குளிரும், பரவாயில்லை.

பனி அள்ளும் ஷவலைப் படுக்கப் போகும் முன்பு குடிலுக்குள் எடுத்து வையுங்கள். காலையில் கதவுக்கு வெளியே இடுப்பளவு பனி நிற்கும்போது, ஷவல் அந்தப் பனிக்கு அடியில் இருந்து பிரயோஜனம் இல்லை. கழிப்பறை தனியாக வெளியே இருந்தால் இரண்டு பேராகப் போங்கள், முழு உடுப்போடு, டார்ச்சோடு. இருபது அடி தூரம்தானே என்று பனியனோடு ஓடாதீர்கள். கண் தெரியாத புயலில் இருபது அடியில் திசை மாறிவிடும். வாசல் தூணில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே போய் வாருங்கள்.

குடிக்கத் தண்ணீர் பனியை உருக்கித்தான். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பனியைப் போடுங்கள், வெறும் பனியைப் போட்டால் பாத்திரம் கருகும். குடிலுக்குள் அடைந்து கிடக்கும்போது தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் உயரத்தில் ஒரு ராத்திரிகூட தூங்கியிருக்காத உடம்பு நம்முடையது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ மருந்து ஒன்றுதான்: வழி பாதுகாப்பாக இருக்கும் முதல் நேரத்தில் கீழே இறங்குவது.

நனைந்து குளிர்ந்து வருகிறவரைக் கவனியுங்கள். பேச்சு குழறும், கையில் உள்ளது நழுவும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். நடுக்கம் இருந்தவருக்கு அது திடீரென்று நின்றுபோனால் நல்லாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், நிலைமை மோசமாகிறது. ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, அடியிலும் மேலும் போர்வை கொடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சர்க்கரை நிறையப் போட்டுச் சூடாகக் குடிக்கக் கொடுங்கள். கை காலைத் தேய்க்காதீர்கள். விறைத்துப் போன விரலையும் தேய்க்கக் கூடாது. சாராயம் சூடு தரும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உடம்பின் சூட்டை வெளியே விட்டுவிடும்.

காலையில் கிளம்பலாமா

புயல் கொஞ்சம் ஓய்ந்து ஒரு நீல ஓட்டை தெரியும்போதுதான் அவசரம் வரும். புதுப் பனி விழுந்த முதல் நாள் பனிச்சரிவுக்கு மிக மோசமான நாள். 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில்தான் பெரும்பாலும் பனி உடைந்து ஓடும், அது போட்டோவில் அழகாகத் தெரியும் அதே சரிவு. ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணாகச் சொல்வார்கள். நம் கூண்டு எண் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள். 3 என்றாலே புதியவர்கள் குடிலில் இருக்க வேண்டும். இமயத்தில் அந்த எண்ணைச் சொல்ல பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள், உள்ளூர் கைடுதான் கூண்டு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ரயில் போனால் போகட்டும்.

உதவி கேட்க வேண்டி வந்தால், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 112. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414. சிக்னல் இல்லாவிட்டால் விசிலோ டார்ச்சோ எடுத்து, ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை, பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிஷத்துக்கு மூன்று தடவை பதில் கொடுப்பார். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் மேலே விரித்து நின்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம். ஒரு கையை மேலேயும் ஒரு கையைக் கீழேயும் நீட்டினால் வேண்டாம் என்று அர்த்தம். சந்தோஷத்தில் ஒற்றைக் கையை ஆட்டி டாட்டா காட்டிவிடாதீர்கள்.

வழி திறந்து கிளம்பும்போது போர்வையை மடித்து வையுங்கள், விறகை உள்ளே எடுத்து அடுக்குங்கள், சாம்பல் ஆறியதா என்று பாருங்கள், ஜன்னல் பலகையைத் தாழ் போடுங்கள். ஷவலை அதே இடத்தில் வையுங்கள். கீழே இறங்கி சிக்னல் வந்ததும், வீட்டுக்குப் போன் செய்வதற்கு முன்பு, பதிவேட்டில் எழுதிய அடுத்த குடிலுக்குப் போன் செய்து வழி மாற்றி இறங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள். அங்கே ஒருவர் ராத்திரியிலிருந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு இருப்பார்.